கொடியில் காய்ந்த சட்டை

என் நாத்தனார் சம்பளம் வாங்கியதே, ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்வதற்காகத்தான். கேலிக்குச் சொல்லவில்லை, அவள் வேலையே அது. காலையில் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, சைக்கிளில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவாள். மத்தியானம் வியர்த்து விறுவிறுத்து வந்து நிற்பாள். "என்னடி கிடைச்சுது?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல அண்ணி" என்பாள், ஏதோ புதையல் எடுத்து வந்தவள் போலச் சிரித்துக்கொண்டு. எனக்கு எரிச்சலாக வரும். ஒன்றுமில்லாததற்கு ஒரு மனுஷி இவ்வளவு வெயிலில் அலைய வேண்டுமா?

எனக்கு ஒரு குணம் உண்டு. புரியாத ஒன்று வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. நான் தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைப்பது என் பிழைப்பு. பின்கட்டு ஜன்னலோரம் மிஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கைதான் தைக்கும், மனசு சும்மா இருக்கும். சும்மா இருக்கும் மனசு எதையாவது நோண்டும். அப்படி நோண்டி நோண்டித்தான் அவள் வேலையைத் தெரிந்துகொண்டேன். அவள் கூடப்பிறந்த அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், இத்தனை வருஷத்தில் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே கேலி. "கடைக்காரன் வியாபாரம் இல்லைன்னா ஈ ஓட்டுவான். என் தங்கச்சிக்கு வியாபாரமே ஈ ஓட்டுறதுதான்."

அவள் ஓட்டவில்லை, பிடித்தாள். பழ ஈ என்று ஒன்று இருக்கிறது. அது சாக்கடை ஈயைப் போல வாசலில் மொய்க்காது. நல்ல பழமாகப் பார்த்து, தோலில் ஊசி குத்துவது போலக் குத்தி உள்ளே முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். வெளியே பார்த்தால் பழம் பழமாகத்தான் இருக்கும். அறுத்தால் உள்ளே புழு நெளியும். எங்கள் பக்கத்திலேயே சில வகைப் பழ ஈக்கள் உண்டு, அவை அவ்வளவு கொடுமை செய்வதில்லை. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு வகை இருக்கிறது. அது நுழைந்த இடத்தில் மா, கொய்யா, மிளகாய், தக்காளி எதுவும் தப்பாது. அது இருக்கும் ஊரின் பழத்தை வெளியூர்க்காரர்கள் வாங்கவும் மாட்டார்கள். இதையெல்லாம் ஒரு கொய்யாவை அறுத்து வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் எனக்குப் பாடம் நடத்தினாள். அந்த ஈயின் படத்தைப் பெரிதாக்கி எங்கள் அலமாரிக் கதவிலேயே ஒட்டியும் வைத்தாள். இறக்கையின் ஓரத்தில் கறுப்புக் கரை, தோளில் இரண்டு மஞ்சள் கோடு. காவல் நிலையத்தில் திருடன் படம் ஒட்டியிருப்பார்களே, அப்படி. தினமும் மிளகாய்த்தூள் எடுக்கும்போது அவன் முகத்தில்தான் விழிப்பேன்.

அந்த ஈ ஊருக்குள் வந்துவிட்டதா என்று பார்ப்பதற்காக அரசாங்கம் தடுப்பு நிதி என்று ஒன்று ஒதுக்கியிருந்தது. அந்தப் பணத்தில்தான் பொறிகள், அந்தப் பணத்தில்தான் இவள் சம்பளம். பொறி என்றால் பெரிய யந்திரம் ஒன்றுமில்லை, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஒரு பஞ்சுத் திரி. திரியில் ஒரு வாசனை மருந்து. நம் மூக்குக்கு லேசாகக் கிராம்பு வாடை. ஈக்கு அது நாலு தெரு தாண்டி மணக்குமாம். அதுவும் ஆண் ஈக்கு மட்டும்.

ஆண் ஈ மட்டும்தான் வரும் என்று நான் தெரிந்துகொண்ட அன்றே தப்பு செய்துவிட்டேன், அதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அன்றிலிருந்து அந்த ஈக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டார். சாயங்காலம் வீட்டுக்குள் கால் வைக்கும்போதே, "என்னம்மா, இன்னைக்காவது மாப்பிள்ளை வந்தாரா?" என்பார். "வரலைண்ணே" என்பாள் அவள். இதில் ஒரு முள் இருந்தது. அவளுக்கு நாற்பது வயதாகிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. பார்க்காமல் இல்லை. பொண்ணு என்ன வேலை செய்யுது என்று கேட்பார்கள், ஈ பிடிக்கிற வேலை என்று சொல்வோம், வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்த முள் அவளைக் குத்துகிறதா என்று நான் பல தடவை முகத்தைப் பார்த்திருக்கிறேன். அவள் சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றுவரை முழுசாகப் புரியவில்லை.

நிதியில்தான் சங்கடம் வந்தது. வெள்ளம் வருமுன் அணை போடு என்று எல்லோரும் சொல்வார்கள். வெள்ளமே வராத ஊரில் அணைக்கு யார் காசு கொடுப்பார்கள்? ஏழு வருஷமாக ஒரு மாப்பிள்ளைகூட வரவில்லை. முந்தின வருஷம் ஒதுக்கீட்டைப் பாதியாக்கினார்கள். ஒன்று விட்டு ஒன்றாகப் பொறிகளைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. அவளே ஏணி போட்டு ஏறிக் கழற்றினாள். எங்கள் பக்கத்து வீட்டு லாரி டிரைவரின் கொய்யா மரத்தில் தொங்கிய பொறியும் அப்படித்தான் போயிற்று. இந்த வருஷம் திட்டத்தையே நிறுத்தலாமா என்று பார்க்க தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாகச் சொன்னார்கள். நிறுத்தினால் அவளுக்கு வேலை இல்லை. வேறு வேலையும் அவளுக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் அந்த அதிகாரிக்குக் கத்தரிக்கோல் என்று பெயர் வைத்தார். தையல்காரி நான், கத்தரிக்கோலைக் குறை சொல்ல மாட்டேன். எந்த இடத்தில் வெட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வந்தார். நான் நினைத்தது போல மீசையை முறுக்கும் ஆசாமி இல்லை. ஒல்லியாக, வெயிலுக்குத் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு, காலையெல்லாம் அவளோடு பொறி பொறியாக நடந்திருக்கிறார். நடந்ததோடு விடாமல் கேள்விமேல் கேள்வி கேட்டிருக்கிறார். மத்தியானம் தண்ணீர் குடிக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மோர் கொடுத்தேன். அவர் அலமாரிக் கதவில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா" என்று அவளிடம் சொன்னார். "எல்லையை ஒட்டி ஏற்கெனவே ஈ வந்த ஊர்ல ஜனங்க மரத்தை வெட்டிக்கிட்டு அழறாங்க. அங்க மருந்தடிக்கப் பணம் பத்தலை. இங்க வராத ஈக்குப் பணம் போகுது. நான் யாருக்குக் கொடுக்கட்டும், நீங்களே சொல்லுங்க."

அவள் டம்ளரைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே நின்றாள். "வந்துச்சான்னு பார்க்கணும்ல சார்" என்றாள் கடைசியில். அவ்வளவுதான். எனக்கு வாய் துடித்தது. என்னிடம் கொய்யாவை அறுத்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசியவள், பேச வேண்டிய இடத்தில் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நிற்கிறாளே என்று. அவர் கேள்வியும் எனக்கு அநியாயமாகப் படவில்லை, அதுதான் பெரிய கஷ்டம்.

"ஒண்ணுமே கிடைக்கலைன்னா, ஈ வரலைன்னு அர்த்தமா, இல்ல பொறி சரியில்லைன்னு அர்த்தமா சார்? அது எப்படித் தெரியும்?" என்று நான் நடுவில் புகுந்தேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதுதாம்மா எனக்கும் தெரியலை" என்றார். சொல்லிவிட்டு மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரத்தில் ஒரு காலை. அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய இன்னொரு காக்கிச் சட்டை, அதிகாரி வந்த அன்று போட்டிருந்தது, துவைத்துப் பின்கட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நான் ஜன்னலோரம் காலர் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையின்மேல் ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. காற்றில் சட்டை ஆடியபோதும் அது போகவில்லை. பொத்தான் என்றுதான் முதலில் நினைத்தேன். பையில் பொத்தான் கிடையாது என்று தைக்கிறவளுக்குத் தெரியாதா? மிஷினை நிறுத்திவிட்டு வெளியே போனேன்.

இறக்கையின் ஓரத்தில் கறுப்புக் கரை. தோளில் இரண்டு மஞ்சள் கோடு.

தினமும் பார்க்கிற முகத்தைத் தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியாமலா போகும்? அடுப்பங்கரைக்கு ஓடிக் கண்ணாடி டம்ளரை எடுத்து வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சட்டையோடு சேர்த்து அதன்மேல் கவிழ்த்தேன். அடியில் ஓர் அட்டையைச் செருகினேன். டம்ளரோடு அதைச் சாப்பாட்டு மேஜையில் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அது கண்ணாடியில் நடந்தது. முன்னங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டது. ஒரு சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லை. இதற்காகவா இத்தனை படம், இத்தனை பொறி, இத்தனை நிதி என்று தோன்றியது. அழகாக வேறு இருந்து தொலைத்தது.

மத்தியானம் அவள் வந்தாள். வழக்கம்போல "ஒண்ணுமில்ல அண்ணி" என்று ஆரம்பித்தவள் மேஜையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பையில் இருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்து பார்த்தாள். வெகு நேரம் நிமிரவே இல்லை.

"எங்க இருந்துச்சு?"

"உன் சட்டைமேல. கொடியில."

அவள் பின்கட்டுக்கு ஓடினாள். நானும் போனேன். சட்டைப் பைக்குள் கையை விட்டாள். துவைத்துத் தட்டையாகி, உலர்ந்துபோன ஒரு பஞ்சுத் திரி கையோடு வந்தது. அதை மூக்கருகே கொண்டுபோனாள். எனக்கே கிராம்பு வாடை லேசாக அடித்தது. சோப்புக்கும் மசியாத வாசனை அது.

"பள்ளிக்கூடத்துப் பொறியில திரி மாத்தினப்ப, அவர் கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தார் அண்ணி. பழைய திரியை டப்பாவுல போடாம பையில போட்டிருக்கேன். எப்படிப் போட்டேன்னு ஞாபகமே இல்லை."

இது எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் வேலையில் முதல் பாடமே அதுதானாம். திரியை வெறும் கையால் தொடக் கூடாது, உடுப்பில் வைக்கக் கூடாது. வைத்தால் ஆளே நடமாடும் பொறி ஆகிவிடுவார். ஈ பொறிக்குப் போகாமல் ஆள் பின்னால் போகும், எங்கே இருந்து வந்தது என்றே தெரியாமல் போகும். அப்படிச் செய்தவர்களைப் பொறிச் சுற்றிலிருந்து எடுத்துவிடுவார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்பவளே என் நாத்தனார்தான்.

எனக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனைக்குப் பஞ்சமே கிடையாது.

"இங்க பாரு. ஈ நிஜம். நாம எதையும் ஜோடிக்கலை. இதைக் கொண்டுபோய் சந்தையில இருக்கிற பொறிக்குள்ள போட்டுடு. வெளியூர்ப் பழம் வர்ற இடம், எல்லாரும் நம்புவாங்க. ஈயும் கிடைச்சுடுச்சு, திட்டமும் பிழைச்சுடும், உன் வேலையும் தப்பிச்சுடும். திரி விஷயம் உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்."

அவள் உள்ளே வந்து டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒத்துக்கொள்வாள் என்றுதான் எனக்குப் பட்டது. கையை நீட்டி டம்ளரைத் தொடவும் தொட்டாள்.

"பொறி எங்க இருக்கோ, அதைச் சுத்தித்தான் அண்ணி தேடுவாங்க" என்றாள். "சந்தையில போட்டா சந்தையைச் சுத்தித் தேடுவாங்க. சந்தை அந்தக் கோடி, நாம இந்தக் கோடி. அவங்க அங்க தேடிக்கிட்டே இருப்பாங்க, இது இங்க குடும்பம் நடத்திக்கிட்டு இருக்கும்."

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் சாப்பிட வந்துவிட்டார். அவர் எங்கே வேலை செய்கிறார் என்று இன்னும் சொல்லவில்லை இல்லையா? ஊர்க்கோடியில் இருக்கும் பழம் கட்டும் ஷெட்டில். சுற்றுவட்டாரத் தோட்டத்து மாம்பழமெல்லாம் அங்கே வந்து, தரம் பிரித்து, பெட்டியில் அடுக்கி, லாரி ஏறி வெளியூருக்குப் போகும். அதற்கு அவர் மேஸ்திரி. அப்போது மாம்பழக் காலம் உச்சத்தில் இருந்தது. இந்த ஈ ஊரில் இருக்கிறது என்று தெரிந்த நிமிஷம் ஒரு பழம் ஊரைவிட்டு வெளியே போக முடியாது. ஷெட்டைப் பூட்டிவிடுவார்கள்.

விஷயத்தைச் சொன்னோம். சிரிப்பார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முகம் வெளுத்துவிட்டது.

"யார் யாருக்குத் தெரியும்?"

"நம்ம மூணு பேருக்குத்தான்."

"அப்ப நசுக்கிடு."

"அண்ணே..."

"நசுக்கிடும்மா. வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டு, குத்துது குடையுதுன்னா யாரு என்ன பண்றது? அங்க அத்தனை பேரு கூலி வேலை பார்க்கிறாங்க. எல்லார் வீட்டு அடுப்பும் அணைஞ்சுடும். ஒரு ஈ! ஒரே ஒரு ஈ!" டம்ளரை லேசாகத் தூக்கிக் கட்டைவிரலை நீட்டியே விட்டார். எனக்கு அவரைத் தடுக்க மனசு வரவில்லை. உண்மையைச் சொன்னால், நசுக்கிவிட்டால் நல்லது என்றுதான் எனக்கும் இருந்தது.

அவள் அவர் கையைப் பிடிக்கவில்லை. சத்தம் போடவும் இல்லை.

"அண்ணே, இது ஆம்பளை. பொம்பளை எங்க இருக்கா?"

அவர் விரல் அப்படியே நின்றது.

"வாசனைக்கு ஆம்பளைதான் வரும்னு உனக்குத் தெரியும். அதனாலதான மாப்பிள்ளைன்னு பேர் வெச்ச? இவன் எங்கேயோ பக்கத்துல பொறந்திருக்கான். கூடப் பொறந்ததுங்க இருக்கும். பொம்பளை ஒவ்வொண்ணும் இந்நேரம் ஏதாவது ஒரு பழத்துல குத்திக்கிட்டு இருக்கும். நீ இவனை நசுக்கலாம். அவளை எங்கன்னு போய் நசுக்குவ?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். சாப்பிடாமலே எழுந்து போனார். அன்றிலிருந்து தங்கையோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

அவள் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன். "எந்தப் பொறியில கிடைச்சுது?" என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "பொறியில இல்ல சார். என் சட்டையில" என்றாள். பிறகு திரியைப் பற்றியும் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. போனை வைத்துவிட்டு எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போவதுபோலச் சாவதானமாகக் கொடியிலிருந்த சட்டையை எடுத்து, திரியோடு இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டினாள். அப்புறம்தான் அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபமும் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஷெட்டைப் பூட்டிய அன்றே கதை கட்டிவிட்டார்கள். ஈக்காரி தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள எங்கிருந்தோ ஈயைக் கொண்டுவந்து விட்டுவிட்டாள் என்று. கடைக்குப் போனால் பேச்சு நின்றது. சீருடை தைக்கக் கொடுத்த ஒருத்தி பாதியிலேயே துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். போ, உன் பிள்ளைக்கு இரண்டு கையும் ஒரே நீளத்தில் எவள் தைக்கிறாள் பார்க்கிறேன் என்று நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பினேன்.

தேடுகிறவர்கள் வந்தார்கள். எங்கள் வீட்டை நடுவில் வைத்து வட்டம் போட்டார்கள். கையுறை மாட்டிக்கொண்டு மரம் மரமாகப் பழம் பறித்து, தெருவிலேயே மேஜை போட்டு அறுத்துப் பார்த்தார்கள். என் எலுமிச்சையை அறுத்தார்கள், எதுவும் இல்லை. எதிர்வீட்டு மாவை அறுத்தார்கள், எதுவும் இல்லை. என் நாத்தனார் தள்ளி நின்றாள். அவளைக் கிட்டே வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

லாரி டிரைவர் வீட்டுக் கொய்யாவை அறுத்தபோது, அறுத்தவர் கத்தியை வைத்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். பச்சைப் பசேலென்ற நல்ல காய். உள்ளே அரிசி நொய் போல வெள்ளையாக நெளிந்தது. அதிலொன்று துள்ளிக்கூடக் குதித்தது.

டிரைவர் பாவம், அப்படியே திண்டாடிப்போனார். "என் பொண்ணு முழுகாம இருக்கா சார். அந்தப் பக்கத்து மாம்பழம்தான் வேணும்னு ஆசைப்பட்டா. வண்டியில ஒரு கூடை போட்டுக் கொண்டுவந்தேன். நாலஞ்சு அழுகிப்போச்சுன்னு மரத்தடியில கொட்டினேன். அதுல இது இருக்கும்னு எனக்கு என்ன தெரியும்?" என்றார். யாருக்குத்தான் என்ன தெரியும்? மசக்கைக்காரிக்கு மாம்பழம் வாங்கிவந்தவரை எந்த வாயால் திட்டுவது? என் வீட்டுக்காரர்கூட அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று கத்தரிக்கோல் அதிகாரியும் வந்திருந்தார். தலையில் அதே கைக்குட்டை. கொய்யா மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தவர் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். நடுக்கிளையில் வளைத்த கம்பி ஒன்று துருப்பிடித்துத் தொங்கியது.

"இது என்ன கம்பி?"

என் நாத்தனார் தரையைப் பார்த்தாள். அலுவலகத்துக்காரர் ஒருவர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார். "போன வருஷம் வரைக்கும் இங்க ஒரு பொறி இருந்துச்சு சார். ஒதுக்கீடு குறைஞ்சதால எடுத்துட்டோம்."

அதிகாரி கம்பியைப் பார்த்தார். மதிலுக்கு இந்தப் பக்கம் திரும்பி எங்கள் பின்கட்டுக் கொடியைப் பார்த்தார். கொடியில் என் புடவை காய்ந்துகொண்டிருந்தது. கைக்கெட்டும் தூரம்தான். பொறி தொங்கியிருக்க வேண்டிய இடத்தில் சட்டை தொங்கியிருக்கிறது.

"அந்த உத்தரவுல கையெழுத்துப் போட்டது நான்தான்" என்றார். யாரிடமும் சொல்வது போல இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டீங்களேம்மா, பொறி சரியில்லையா, ஈ வரலையான்னு. துவைச்ச திரிக்கே ஈ தேடி வந்திருக்கு. அப்ப ஏழு வருஷமும் பொறி சரியாத்தான் இருந்திருக்கு, ஈதான் வரலை" என்றார்.

ஆசாமி வாய்ப்பேச்சோடு நிற்கவில்லை. திட்டம் தொடரும், கழற்றிய பொறிகளைத் திரும்ப மாட்ட வேண்டும் என்று சில நாளில் உத்தரவு வந்தது. அதே உத்தரவில் இன்னொன்றும் இருந்தது. திரியை உடுப்பில் வைத்த ஊழியர் ஒரு வருஷத்துக்குப் பொறிச் சுற்றுக்குப் போகக் கூடாது, பழம் அறுத்துப் பார்க்கும் மேஜையில் உட்கார வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் சட்டை இல்லாவிட்டால் இவர்கள் கதி என்ன? நேரில் போய் நாலு வார்த்தை கேட்கிறேன் என்று செருப்பை மாட்டிவிட்டேன்.

"வேணாம் அண்ணி. அது நியாயம்தான்" என்றாள் அவள். "ஒரு தடவை நல்லதா முடிஞ்சுது. அடுத்த தடவை என் பின்னாடி வர்றவன் எங்க இருந்து வந்தான்னு தெரியாமப் போயிடும்." சொன்னாளே தவிர, சைக்கிளைத் துடைத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு அதன் இருக்கையில் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றாள்.

டிரைவர் வீட்டு மரத்தை மொட்டையடித்தார்கள். பழத்தையெல்லாம் குழி தோண்டிப் புதைத்தார்கள். வட்டத்துக்குள் பொறியை நெருக்கி நெருக்கி மாட்டினார்கள். குறிப்பிட்ட காலம் வரைக்கும் இன்னொரு ஈ கிடைக்காவிட்டால் ஷெட்டைத் திறக்கலாம், கிடைத்தால் மறுபடியும் முதலிலிருந்து. அந்த நாட்களில் என் வீட்டுக்காரர் வாசல் படியில் உட்கார்ந்து நிஜமாகவே ஈ ஓட்டினார். நான் கேலி செய்யவில்லை, செய்ய மனசு வரவில்லை. அவள் சாயங்காலம் பழ மேஜையிலிருந்து வருவாள். அவர் தலை நிமிராது. ஆனால் அவள் என்னிடம் "ஒண்ணுமில்ல அண்ணி" என்று சொல்லும்வரை மூச்சு விட மாட்டார். அதைச் சொன்ன பிறகு தோள் கொஞ்சம் கீழே இறங்கும். தினமும் கவனித்தேன். எனக்கு எரிச்சல் மூட்டிய அந்த ஒரு வார்த்தைக்கு இப்போது தெருவே காது கொடுத்துக் காத்திருந்தது. துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனவள்கூட மதிலோரம் வந்து, "இன்னைக்கு எப்படியாம்?" என்று மெல்லக் கேட்டாள். அவள் புருஷனும் ஷெட்டில்தான் வேலை.

கடைசி நாள் சாயங்காலம் அவர் படியில் உட்காரவில்லை. கதவோரம் நின்றார். அவள் தெருமுனையில் திரும்பியதும் தானே நாலடி எடுத்து வைத்தார். இத்தனை நாள் பேசாத வாய்.

"என்னம்மா... மாப்பிள்ளை வந்தாரா?"

"வரலைண்ணே. ஷெட்டைத் திறக்கச் சொல்லிட்டாங்க."

அவர் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டார். துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த மனுஷர் அழுது நான் பார்த்ததே இல்லை.

பக்கத்து வீட்டு மரத்தில், பழைய கம்பி தொங்கிய அதே கிளையில், பொறி மறுபடியும் ஏறியது. இப்போது சுற்றுக்கு வருகிறவர் வேறு வட்டாரத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். தடிமனான கண்ணாடி, எதற்கெடுத்தாலும் முனகல். அவர் ஏணி ஏறும்போதெல்லாம் என் நாத்தனார் மதிலோரம் வந்து நிற்பாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு. தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே. அந்தக் கையைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது, தைப்பதை நிறுத்திவிட்டு நானும் பக்கத்தில் போய் நிற்பேன்.

அவர் மூடியைத் திருகி உள்ளே எட்டிப் பார்ப்பார்.

"என்ன சார் கிடைச்சுது?" என்பாள்.

"என்னத்தக் கிடைக்குது? ஒண்ணுமில்லம்மா" என்று அலுத்துக்கொள்வார் அவர்.

அவள் என் பக்கம் திரும்புவாள். "கேட்டீங்களா அண்ணி?" என்பாள், முகமெல்லாம் சிரிப்பாக.

கேட்டேன்டி, கேட்டேன்.